அரண்மனை கண்ட படலம்

காசிக்கோ ராமேசுவரத்துக்கோ கிளம்புகிறவர்களுக்கு மட்டுமே உபசாரம் செய்து பழகிய எங்கள் சின்னசேலத்தில், பிரெஞ்சு அரண்மனையையும் அதன் நந்தவனத்தையும் தரிசிக்கப் போவதாக நான் அறிவித்தவுடன், திண்ணையில் கூடியிருந்தவர்கள் என்னைக் கப்பலேறப் போகிறவனாகவே பாவித்துப் பார்த்தார்கள். போக உத்தேசித்திருந்தது கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் பஸ் செல்லும் புதுச்சேரிக்குத்தான் என்பதை உடனடியாகத் தெளிவுபடுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

வெர்சேல்ஸ் அரண்மனையில் 357 கண்ணாடிகள் பதித்த மண்டபம் உண்டென்று எங்கோ படித்ததை, அது புதுச்சேரிக்கும் பொருந்தும் என்ற தொனியில் வீட்டில் சொல்லிவைத்திருந்தபடியால், என் சகதர்மிணி பட்டுப் புடவையுடனும், மைத்துனன் இரவல் காமிராவுடனும் விடியுமுன்பே ஆயத்தமாகிவிட்டார்கள். கல்வராயன் மலை பின்தங்கித் தியாகதுருக்கத்துக் கோட்டைக் குன்று எதிர்ப்பட்டபோது, இந்தக் கோட்டைக்காகத்தான் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்டார்கள் என்று நான் ஆரம்பித்த பிரசங்கத்தை, இருவரும் நித்திரையில் ஆழ்ந்துவிட்டதால், ஜன்னல் கம்பியிடமே சொல்லி முடித்தேன்.

புதுச்சேரியில், கவர்னர் மாளிகையான ராஜ் நிவாஸ் வாசலில் சிவப்புத் தொப்பிக் காவலர் வெகு மரியாதையுடன் எங்களைத் தடுத்தார்.

"உள்ளே போக அனுமதி இல்லீங்க ஐயா."

"துய்ப்ளே துரை கவர்னராக இருந்த ஸ்தலமல்லவா இது?" என்றேன்.

"அவரு இப்ப இல்லீங்களே!"

அவர் மட்டுமா இல்லை? 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த அந்த மகானுபாவர் வாசம் செய்த மாளிகையையும், அதைச் சூழ்ந்த கோட்டையையும் 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அவருடைய துபாஷியான ஆனந்தரங்கம் பிள்ளை நாள் தவறாமல் தினசரி எழுதும் நல்ல வழக்கத்தை மேற்கொண்டிராவிட்டால், அங்கே நடந்த வைபவங்களுக்குத் தமிழில் சாட்சியே இராது. இவ்விஷயத்தைக் காவலரை வைத்துக்கொண்டே நான் விளக்கியது விவேகமன்று.

"இல்லாத அரண்மனைக்கா பட்டுப் புடவை கட்டச் சொன்னீங்க? வாசலைத்தான் பாக்கணும்னா நம்ம வீட்டு வாசல்ல கோலமாவது இருக்குமே!" என்றாள் சகதர்மிணி.

நந்தவனம் கைவிடவில்லை. எதிரிலிருக்கும் பாரதி பூங்காவின் மரநிழலில் புளியோதரையைப் பிரித்து நாலு கவளம் உண்ட பிறகுதான், என் பொறுப்பில் விடப்பட்டிருந்த தண்ணீர்க் கூஜா பஸ்ஸிலேயே பிரயாணத்தைத் தொடர்ந்துவிட்டது என்ற உண்மை புலனாயிற்று. விக்கலுக்கிடையே, நடுவிலிருந்த வெள்ளை மண்டபத்தைக் காட்டி ஆயியின் கதையைச் சொன்னேன். கோயிலென்று மயங்கிக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்ட மாளிகை, ஆயி என்னும் தாசியின் வீடென்று தெரிந்ததும் அதை இடிக்க அவர் கட்டளையிட, அவளோ தானே இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் அக்குளமிருந்த முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்தபோது, அந்த ஐதிகத்தைக் கேட்டு வியந்த மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி அவளுக்கு இம்மண்டபத்தை எழுப்பச் செய்தாராம்.

"இடிச்சவங்கள்ல இவ ஒருத்திதான் உருப்படியா இடிச்சிருக்கா" என்று தீர்ப்புக் கூறிவிட்டு, சகதர்மிணி என்னைப் பார்த்த பார்வையின் பொருள் சோடாக் கடையைத் தேடிப் போ என்பதே.

மைத்துனனின் காமிராவில் பதிந்தவை ஒரு சிவப்புத் தொப்பியும் ஓர் இரும்புக் கதவும். அரண்மனை காணப் புறப்படும் சின்னசேலத்து அன்பர்கள், தண்ணீர்க் கூஜாவை மடியிலேயே வைத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன்.