தெருவுக்கு ஒரு கோச் ஆவது எப்படி?

நாட்டில் எல்லா வேலைக்கும் ஆள் தட்டுப்பாடு. குழாய் ரிப்பேருக்கு ஆள் இல்லை, தேங்காய் பறிக்க ஆள் இல்லை. கோச் வேலைக்கு மட்டும் அந்தக் கஷ்டமே கிடையாது. இந்தியா ஆடுகிற நாளில் டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஐந்து பேர் கோச். இவ்வளவு திறமையும் கிரிக்கெட்டோடு முடிந்துபோவது எவ்வளவு பெரிய நட்டம்! ஒழுக்கம், கூட்டு முயற்சி, நேர்மை, தோல்வியைத் தாங்கும் மனம் ஆகிய களத்துப் பண்புகளைச் சமூக வாழ்க்கைக்கும் கொண்டுவர வேண்டும் என்று பள்ளி ஆண்டு விழாக்களில் சிறப்பு விருந்தினர்கள் சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு போய்விடுகிறார்கள். எப்படிக் கொண்டுவருவது என்று யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டி.

தேவையான பொருட்கள்: விசில் ஒன்று, தொப்பி ஒன்று, நடைப்பயிற்சிக்கென்று வாங்கி இன்னும் நடக்காத ஷூ ஒரு ஜோடி. அடுக்ககவாசியாக இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் உரிமை இருப்பது நல்லது. வேறு தகுதி எதுவும் வேண்டாம். விளையாடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஒழுக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதாவது, அடுத்தவர் ஒழுக்கத்திலிருந்து. 2016 ரியோ ஒலிம்பிக்கிற்கு முன்னால் பேட்மிண்டன் கோச் கோபிசந்த், தன்னிடம் பயின்ற சிந்துவின் கைப்பேசியை மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டார். ஐஸ்கிரீமையும் தொட விடவில்லை. வெள்ளிப் பதக்கம் வந்த பிறகுதான் இரண்டும் சிந்துவுக்குத் திரும்பக் கிடைத்தன. உங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிக் கைப்பேசியைப் பிடுங்கலாம். பிடுங்கிய கையோடு சோபாவில் சாய்ந்து உங்கள் கைப்பேசியில் ரீல்ஸ் பார்க்கலாம். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதே கோபிசந்த் 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற கையோடு குளிர்பான விளம்பரம் தேடி வந்தபோது வேண்டாம் என்றவர், ஹைதராபாத்தில் அகாடமி கட்டுவதற்காகக் குடியிருந்த வீட்டையே அடமானம் வைத்தவர் என்றெல்லாம் நீட்டிக்கொண்டு போனால், பிள்ளை உங்களை ஏற இறங்கப் பார்க்கும்.

பெரிய கோச்சுகளின் கதைகள் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. முன்பாதி நமக்குத் தோதானது, பின்பாதி வம்பு. ஆகவே எந்தக் கதையை எடுத்தாலும் முன்பாதியோடு இறங்கிவிடுங்கள். இந்த வழிகாட்டிக்கு இதுதான் அடிப்படை விதி.

சச்சினின் கோச் ஆச்ரேக்கர் கதையைப் பாருங்கள். பள்ளிச் சிறுவனான சச்சினுக்கு ஒரு பயிற்சி ஆட்டம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பையன் அதற்கு வராமல், தன் பள்ளியின் சீனியர் அணி வான்கடே மைதானத்தில் ஆடுவதைப் பார்க்கப் போய்விட்டான். ஆச்ரேக்கர் அவனை அங்கே கண்டுபிடித்து ஓர் அறை விட்டார். கையிலிருந்த டிபன் டப்பா சிதறியது. இது முன்பாதி. வகுப்பில் பிரம்பெடுக்க ஆசைப்படும் எல்லோருக்கும் மனப்பாடம். பின்பாதியில் அவர் சொன்னது இது: அடுத்தவனுக்குக் கைதட்ட கேலரிக்கு வராதே, நீ இறங்கி ஆடு.

இது நமக்குச் சரிப்படாது. நம் குடிமை வாழ்க்கையே கேலரியில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம், எழுந்து நின்று பேசலாம். ஆறில் பாதிக்கு மேல் விடுமுறை நாள். விடுமுறை நாளென்றால் டிவியில் ‘முதல்முறையாக’ ஒரு படம் போடுவார்கள். எதை விடுவது? நகரவாசிகளுக்கு இந்தச் சங்கடமும் இல்லை. ஏரியா சபை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 2022 பிப்ரவரியில், அதுவும் ஒரு சனிக்கிழமை, சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்குச்சாவடிப் பக்கம் வரவில்லை. ஆனால் அடுத்த மழைக்குத் தண்ணீர் தேங்கியதும் கேலரி நிரம்பி வழிந்தது. உங்கள் தெருவில் பள்ளம் விழுந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குவதெல்லாம் ஆடுகிறவன் வேலை. நீங்கள் பள்ளத்தைப் படம் எடுத்து, ‘இதுதான் வல்லரசா?’ என்று எழுதி, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போய்விடுங்கள்.

அடுத்தது அடிப்படைப் பயிற்சி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வுடன் என்றொரு கோச் இருந்தார். 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் அவருடைய யு.சி.எல்.ஏ. அணி 10 முறை தேசியப் பட்டம் வென்றது. ஊர் ஊராகத் தேடிப் பிடித்த இளம் ஆட்டக்காரர்களை முதல் நாள் உட்கார வைத்து அவர் கற்றுக்கொடுத்த பாடம், சாக்ஸ் போடுவது. சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். சுருக்கம் இருந்தால் கால் கொப்பளிக்கும். கொப்பளித்தால் பயிற்சிக்கு வர முடியாது. வராதவன் ஆட முடியாது. அவ்வளவுதான் பாடம். பட்டம், பதக்கம், தேசம் என்று ஒரு வார்த்தை இல்லை.

நம் ஊர்க் குடிமை வாழ்க்கைக்கு இதற்குச் சமமான பாடம் சமையலறையில் இருக்கிறது. மக்கும் குப்பை ஒரு தொட்டி, மக்காத குப்பை ஒரு தொட்டி, நாப்கின், பேட்டரி வகையறா தனியே. 2016-லேயே மத்திய அரசு விதி போட்டு, பிரிக்கும் வேலை வீட்டிலேயே நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதைவிடச் சின்ன வேலை உலகத்தில் இல்லை. அதனால்தான் உங்களைப் போன்ற கோச்சுக்கு இது அடுக்காது. நீங்கள் ‘தூய்மை இந்தியா’ பற்றிக் குழுவில் எழுதுங்கள். சிங்கப்பூர்த் தெருவின் படம் போடுங்கள். சாம்பார்ச் சாதத்தையும் ஷாம்பு பாட்டிலையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். அதைப் பிரிக்கத் தூய்மைப் பணியாளர் இருக்கிறார், கையுறை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வரிசை விஷயத்துக்குக் கபடி தெரிந்திருந்தால் போதும். கபடியில் அவுட் ஆனவர்கள் வெளியே வரிசையாக உட்கார வேண்டும். தன் அணி எதிரணி ஆளை வீழ்த்தும்போது ஒவ்வொருவராக உள்ளே திரும்பலாம். முதலில் போனவர் முதலில் வருவார். அணியின் பெரிய ரைடராக இருந்தாலும் நடுவில் நுழைய முடியாது. ஊர்த் திருவிழா ஆட்டத்தில், குழந்தைகள்கூட விரல் விட்டு எண்ணிக்கொண்டு இதைக் கவனிக்கும். தப்பாக ஒருவன் எழுந்தால் கூட்டமே கத்தும். ஆட்டம் முடிந்து அதே கூட்டம் ரேஷன் கடைக்கும் ஆதார் மையத்துக்கும் போகும். அங்கே நீங்கள், ‘தெரிஞ்சவரு உள்ள இருக்காரு’ என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் நுழையலாம். யாரும் கத்த மாட்டார்கள். அடுத்து நுழையப்போவது அவர்கள்தானே.

கூட்டு உணர்வுக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2018-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது கிரிக்கெட் வாரியம் கோச் திராவிட்டுக்கு 50 லட்சம், உதவிக் குழுவினருக்கு ஆளுக்கு 20 லட்சம் என்று அறிவித்தது. திராவிட் ஒப்பவில்லை. கடைசியில் கோச்சுக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்கு 25 லட்சம் என்றானது. அதாவது அவருக்குப் பாதி போயிற்று. 2024-ல் டி20 உலகக் கோப்பை வென்றபோதும் 5 கோடி வேண்டாம், மற்றப் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் இரண்டரைக் கோடியே போதும் என்றார். பந்து எறிந்து கொடுப்பவரும் கால் பிடித்துவிடுபவரும் இல்லாமல் கோப்பை வராது என்று தெரிந்த மனிதர்.

உங்கள் குடியிருப்பிலும் ஓர் உதவிக் குழு இருக்கிறது. வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மோட்டார் போடும் அண்ணன், குப்பை வண்டிக்காரர். பொங்கல் விழாவில் சங்கத் தலைவருக்குச் சால்வை, செயலாளருக்குச் சால்வை, பொருளாளருக்குச் சால்வை, கோலப் போட்டியில் கலந்துகொண்ட எல்லோருக்கும் டிபன் பாக்ஸ். நாற்காலி போட்டு, நாற்காலி எடுத்த வாட்ச்மேனுக்கு மிச்சமான பொங்கல். தீபாவளி போனஸ் பேச்சு வந்தால் வீட்டுக்கு 200 ரூபாயா 100 ரூபாயா என்று குழுவில் நள்ளிரவு வரை விவாதம் நடக்கும். திராவிட் கையெழுத்துப் போட்ட படம் கிடைத்தால் வாங்கி மாட்டுங்கள். விவாதத்தில் 100 ரூபாய் கட்சியில் இருங்கள்.

திடல் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பூங்காவோ விளையாட்டிடமோ வர வேண்டிய இடம். அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடினால் உங்கள் கார்க் கண்ணாடிக்கு ஆபத்து. ஆகவே ‘இங்கே விளையாடக் கூடாது’ என்று போர்டு வையுங்கள், பிறகு அந்தக் காரையே அங்கே நிறுத்துங்கள். பள்ளியிலும் இதே முறை வெற்றிகரமாக நடக்கிறது: பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. கொஞ்சம் திடல் கிடைத்தால் நடப்பது வேறு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். நகரம் தன் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றிக் கொண்டுபோய் விட்ட மக்களின் ஊர் அது; அங்கே குடியிருப்பவர் என்றாலே வேலை தரத் தயங்கியவர்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது கொஞ்சம் மண்ணும், நாள் தவறாமல் அங்கே வந்து நின்ற ஒரு கோச்சும். அப்போது பாராட்டி ஸ்டேட்டஸ் வைத்தோமல்லவா, அந்த அளவோடு நம் கடமை முடிந்தது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கோச்சாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அணி தோற்றால் முதலில் போவது கோச்சின் வேலை. 2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றோடு திரும்பியபோது கோச் கிரெக் சேப்பல் அடுத்த மாதமே விலகினார். தெரு கோச்சுக்கு அந்தப் பயம் இல்லை. தெரு எத்தனை வருடம் நாறினாலும் அவர் பதவியில் நீடிக்கலாம், ஏனென்றால் அவரை யாரும் நியமிக்கவில்லை. நியமிக்கிற பதவிகள்தான் காலியாகக் கிடக்கின்றன. உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு இந்த ஆண்டும் யாரும் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். விசாரித்துப் பாருங்கள். பதவி காலியாக இருந்தால் உங்கள் பெயரைக் கொடுங்கள்.