நாத்திகன் சாகாத நூல் தேவை

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், ஆலய வளாகத்து வேப்பமர நிழலில் விரித்திருந்த புத்தக மேசையருகே நின்று, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வாசிக்கத் தகுந்த தியான நூல் ஏதேனும் உண்டோ என்று நான் வினவ, அங்கிருந்த இளைஞர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேர்ள்ஸுக்குத் தனியா இருக்கு பிரதர்" என்று சொல்லி, ரோஜா நிற அட்டையும், அட்டையில் ஒரு பட்டாம்பூச்சியும், பட்டாம்பூச்சிக்குப் பின்னால் சூரியோதயமுமாக ஒரு புத்தகத்தை என் கையில் திணித்தார். அதைப் புரட்டிப் பார்த்ததனால் உண்டான எரிச்சல் இன்றளவும் தணிந்தபாடில்லை. ஜனவரி மாதம் பெண்பிள்ளை எப்படி உடுத்த வேண்டும் என்பதிலும், பிப்ரவரி மாதம் எப்படிப் பேசாமலிருக்க வேண்டும் என்பதிலும் கழிந்தன. மார்ச்சு மாதம் பிறக்குமுன் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

தியான நூல் வாங்கும் வழக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திடப்படுத்தல் ஆராதனைக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு ஒன்று என்று நாம் கொடுத்தவையும், நமக்குக் கொடுக்கப்பட்டவையும், முதல் பக்கத்தில் கையெழுத்தோடும் மற்றப் பக்கங்களில் கைபடாமலும் கண்ணாடி அலமாரியில் வரிசையாய் நிற்கின்றன. வீட்டில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு மாறாகப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவது நம் குலாசாரம். இம்முறை எந்தப் புத்தகத்தைத் தேர்ந்தேன் என்பதை இக்கட்டுரை முடிவதற்குள் நிச்சயமாய்ச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவள் என் தங்கை மகள். வருஷப் பிறப்பு நடுராத்திரி ஆராதனையில் வழக்கம்போல் வாக்குத்தத்த அட்டை எடுத்தாள். எரேமியா 29-ம் அதிகாரம் 11-ம் வசனம் வந்தது. நன்மையான எதிர்காலத்தைப் பற்றிய அந்த வசனம் வந்தால், பரீட்சையில் தேர்ச்சி உறுதி, வெளிநாட்டு விசா உறுதி என்று ஆனந்தித்து, அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவதே நாம் அறிந்த மரபு. இவள் செய்த அபசாரம் யாதெனில், வேதாகமத்தை எடுத்து, 11-ம் வசனத்துக்கு முன்பாக 10-ம் வசனம் என்ன சொல்கிறது என்று பார்த்ததுதான். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் நிறைவேறின பின்பே விடுதலை என்று அங்கே தெளிவாய் எழுதியிருக்கிறது. "அப்ப எனக்கு நல்லது நடக்க எம்பத்து மூணு வயசாகுமா மாமா?" என்றாள். கணக்கில் பிழையில்லை.

அன்று திறந்த மடை அடைபடவில்லை. எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளில் 42 பேரை இரண்டு கரடிகள் பீறிப்போட்ட விருத்தாந்தம் நியாயந்தானா என்றாள். வழுக்கை விஷயத்தில் எனக்குச் சொந்த அபிப்பிராயம் உண்டாகையால் நான் மௌனம் சாதித்தேன். கூடப் படிக்கும் ஆயிஷாவின் பாட்டி போன மாதம் மௌத்தாகிவிட்டாரே, இவளுக்கு எத்தனையோ நாள் பசியாற்றிய அந்த அம்மாள் இப்போது எங்கே இருக்கிறார் என்றாள். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. என் தங்கையோ, "அண்ணே, படிச்சவங்க நீங்க, நீங்களே சொல்லுங்க, எனக்கு அடுப்புல வேலை கிடக்கு" என்று கூறி, அன்றுமுதல் அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதில்லை.

ஆகவே நான் தேடுவது இதுதான்: பிற மதத்தாரை நரகத்துக்கு அனுப்பாத, டார்வினைக் கண்டு நடுங்காத, பெண்ணென்றால் அடங்கு என்னாத, பக்தியையும் விட்டுவிடாத ஒரு முற்போக்கான தியான நூல். இது பேராசையா?

இங்கே, தியான நூல்களில் வரும் நாத்திகனைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல என் மனம் இடந்தரவில்லை. அவனுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, 'ஒரு நாத்திகன்' என்பதே அவனுடைய ஜாதகம் முழுவதும். அவன் தவறாமல் செல்வந்தன். ஏழை நாத்திகன் ஒருவனையும் எந்தத் தியான நூலிலும் நான் சந்தித்ததில்லை. நாத்திகத்துக்கு வருமான வரம்பு ஏதோ உண்டு போலும். பக்தியுள்ள தாயோ மனைவியோ அவனுக்கு வாய்த்தே தீரவேண்டும். அந்த அம்மையார் அடுத்த அறையில் முழங்காற்படியிட்டு அழ, இவன் முன்கூடத்தில் சுருட்டுப் புகைத்துக்கொண்டு தேவ நிந்தனை செய்வான். கடவுள் உண்டானால் ஐந்து நிமிஷத்துக்குள் என்னைக் கொல்லட்டும் என்று கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பான். (கடிகாரம் இல்லாத நாத்திகனும் கிடையாது.) ஐந்து நிமிஷம் கடந்ததும் கடகடவென்று சிரிப்பான். பாவம், சிரித்திருக்கக் கூடாது. ஒரு நாளுக்கு ஒரே பக்கம், அதன் அடியில் ஜெபக் குறிப்புக்கு நான்கு வரி விட்டாக வேண்டும் என்கிற நெருக்கடியில் ஆசிரியர் இருக்கிறபடியால், சாவகாசமாய் நோயுற்று, வைத்தியம் பார்த்து, உற்றார் புடைசூழச் சாகும் பாக்கியம் அவனுக்கு அருளப்படவில்லை. பாலம் இடிய வேண்டும், அல்லது இடி விழ வேண்டும், அதுவும் இல்லையேல் கப்பல் முழுக வேண்டும். கப்பல்தான் ஆசிரியர்களுக்குப் பிரீதியானது. ஒரு மனிதன் சிரித்ததற்காக நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு ஒரு கப்பலையே கவிழ்ப்பது சற்று மிகையல்லவா என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவதில்லை. என் தங்கை மகளுக்கு எழுந்தது. "அந்தக் கப்பல்ல ஜெபம் பண்ணுற பாட்டி ஒருத்தர்கூடப் போகலையா மாமா?" என்று கேட்டாள்.

சாவிலிருந்து தப்ப அவனுக்கு இருக்கும் ஒரே வழி, கடைசி வரியில் மனந்திரும்புவது. இன்னொரு வகை நாத்திகன் பேராசிரியன். முப்பது வருஷம் தத்துவ சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்த அவனை, நேற்றுக் கிராமத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவன் மூன்று வாக்கியத்தில் மடக்கிவிடுவான். பேராசிரியன் சுண்ணக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு வகுப்பை விட்டு வெளியேறுவான். என்ன தர்க்கம், என்ன மறுப்பு என்பதைப் பக்கம் போதாமையால் ஆசிரியர் சொல்வதில்லை. எங்கள் தெருவிலும் ஒரு நாத்திகர் இருக்கிறார்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கறுப்புச் சட்டைக்காரர், எண்பது வயதைத் தாண்டியவர். விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கப் போகிறார். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. எதிர்வீட்டு விதவை அம்மாளைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அழைத்துச் செல்பவரும் அவரே. அந்த அம்மாள் வீட்டில் தியான நூல்கள் பதினைந்து இருக்கின்றன. ஒன்றிலாவது இவர் இடம்பெறவில்லை.

நாத்திகனை விடுங்கள், அயலான் எங்கே வசிக்கிறான் என்று பாருங்கள். அயலானை நேசிக்கச் சொல்லும் பக்கத்தில் அவன் ஸ்காட்லாந்தில் பனியில் சிக்கித் தவிக்கிறான். நம் பாளையங்கோட்டையில் பனியில் சிக்கியவர் எவருமில்லை. சிக்கிய இடம் வேறு. திருச்சபைக்குள் சாதி பாராட்டலாகாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை விடுத்தார். அதை எதிர்த்தவர்களில், நாம் இன்றும் கண்ணீர் மல்கப் பாடும் பாட்டுகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். ஏறத்தாழ 190 ஆண்டுகள் கடந்தும், மணமகள் தேவை விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட', 'அபிஷேகம் பெற்ற' என்னும் அடைமொழிகளை அடுத்துச் சாதிப் பெயர் தப்பாமல் வருகிறது. இதைப் பற்றி வருஷத்தில் ஒரே ஒரு நாள், அது பிப்ரவரி 29-ஆக இருந்தாலும் பாதகமில்லை, எந்தத் தியான நூலாவது பேசக் கூடாதா? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் போதித்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்ற பெயரில், நாட்டுப்புற மெட்டில், ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதைப் பக்தியாக்கிப் பாடி, 2005-ல் காலமானார். அந்த வழியில் பிள்ளைகளுக்கு நாளொரு பக்கம் எழுத யாருக்கும் கை வரவில்லை. பட்டாம்பூச்சி வரைய வருகிறது.

ஆலோசனை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. எங்கள் சபை ஐயர் அவர்கள், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தைச் சிபாரிசு செய்தார். 1894-ல் வெளிவந்த சிரேஷ்டமான காவியம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள். அவர் வாசித்தாரா என்று கேட்டேன்; ஞானஸ்நானம் ஒன்றுக்கு நேரமாகிறதென்று புறப்பட்டுவிட்டார். அமெரிக்காவிலிருக்கும் என் அத்தை மகன் ஒரு பார்சல் அனுப்பினான். அதில் டெஸ்மண்ட் டூட்டு 2010-ல் வெளியிட்ட வேதாகமக் கதைப் புத்தகம் இருந்தது. அழகான படங்கள், ஆனால் பதின்மூன்று வயதுக்காரியிடம் படப்புத்தகத்தை நீட்டுவது எத்தகைய அவமதிப்பு என்பதை அவள் முகமே சொல்லிற்று. மற்றவை அந்நாட்டு முற்போக்குத் தியான நூல்கள். அவற்றில் நரகம் இல்லை, நல்ல விஷயம். ஆனால் பேஸ்பால் இருக்கிறது, வான்கோழி விருந்து இருக்கிறது, சந்தேகப்படு சந்தேகப்படு என்று முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஓர் அன்பான குரல் இருக்கிறது. "எல்லாத்துக்கும் கடைசியில, உனக்கு என்ன தோணுதுன்னு என்னையவே திருப்பிக் கேக்காங்க மாமா, எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குப் புத்தகம் வாசிக்கேன்?" என்று அவள் அவற்றைத் திருப்பித் தந்துவிட்டாள்.

இத்தனைக்கும் விஷயம் வேதாகமத்திலேயே கிடக்கிறது. எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் புத்திரிகள் ஐந்து பேர், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று பெயரோடு, சபையார் அனைவருக்கும் முன்பாக மோசேக்கு எதிரே நின்று, ஆண் பிள்ளை இல்லையென்பதால் எங்கள் தகப்பனுடைய காணி ஏன் எங்களுக்கு வரக்கூடாது என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரியே என்று தேவன் தீர்ப்பளிக்கிறார். நம் நாட்டில் சிரியன் கிறிஸ்தவப் பெண்ணாகிய மேரி ராய் அதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 1986-ல்தான் தீர்ப்புப் பெற்றார். 36-ம் அதிகாரத்தில் கோத்திரத்துப் பெரியவர்கள் திரண்டு வந்து, சொத்து வெளியே போகாதபடி சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே அப்பெண்கள் மணமுடிக்க ஏற்பாடு செய்துகொண்டதும் உண்மை; மேற்படி விளம்பரதாரர்களுக்கு வேத ஆதாரம் இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. ரோஜா நிற நூலில் நான் புரட்டியவரை எண்ணாகமமே இல்லை. கிதியோனிலிருந்து சிம்சோனுக்கு ஒரே தாவல். நடுவில் யெப்தாவின் மகள் எரிந்தது தெரியாது. தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2013-ல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார் என்ற செய்தியும் பிப்ரவரி மாதத்து ஆசிரியரின் காதுக்கு எட்டவில்லை.

எந்த நூலைத் தேர்ந்தேன் என்று சொல்வதாக வாக்களித்திருந்தேன். இடம் முடிந்துவிட்டபடியால் உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் மேலே சொன்ன இலக்கணத்துக்கு அமைந்த நூல் உங்கள் அலமாரியில் இருந்தால் தயைகூர்ந்து இரவல் கொடுங்கள்; தபால் செலவு என்னுடையது, பத்திரமாய்த் திருப்பியும் தருவேன். அனுப்புமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்து, உள்ளே கப்பல் எதுவும் முழுகவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.