பரிவை அளக்கும் மானி

மெய்நிகர் படங்கள் கிளப்பும் உணர்ச்சியை ஆராய்வது கலைப்புல அறிஞர்களின் புதிய துறை. 2015-இல் இயக்குநர் கிறிஸ் மில்க் இத்தொழில்நுட்பத்தைப் பரிவு பிறப்பிக்கும் உச்ச இயந்திரம் என்று புகழ்ந்தார். அவர் இணைந்து உருவாக்கிய ‘கிளவுட்ஸ் ஓவர் சித்ரா’, ஜோர்டானின் சாத்தாரி முகாமில் வாழும் 12 வயது சிரியச் சிறுமியைக் காட்டுகிறது. அவ்வாண்டே டாவோஸ் உலகப் பொருளாதார மன்ற மாநாட்டில் பெரும்புள்ளிகள் மெய்நிகர் கருவியால் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த அகதியைக் கண்டனர்.

அறிஞரின் சங்கடம் இங்கே தொடங்குகிறது. உணர்ச்சிக்கு முதல் சாட்சி முகம். கருவியோ பாதி முகத்தை மூடிவிடுகிறது. எனவே நாடித்துடிப்பும் உள்ளங்கை வியர்வையும் அளக்கப்படுகின்றன, பிறகு வினாத்தாள். துடிப்பு ஏறியது இரக்கத்தாலா, தலைசுற்றலாலா என்பதை எந்த மானியும் சொல்வதில்லை. பார்வையாளர் கருவியைக் கழற்றி முகாமிலிருந்து வெளியேறலாம். சிறுமிக்கு அந்த வசதி இல்லை. முதலில் அளக்க வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.