செம்பூருக்கு வரும் உறவினரை ஏற்றி இறக்கும் முறைமை: ஒரு முன்னோட்ட ஆய்வு

மும்பைத் தமிழரைப் பற்றி ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. தாராவியில் கால் வைக்காத சமூகவியலாளர் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் நாலு நாள் தங்கிப் போக ஊரிலிருந்து வரும் மாமாவைச் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு அழைத்துப் போய், ஆளோ பையோ குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று எந்த அறிஞரும் இதுவரை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அந்தப் பள்ளத்தில் முதல் கூடை மண்ணைக் கொட்டுகிறது.

முதலில் வரையறை. ‘உறவினர்’ எனப்படுபவர் ஐம்பது வயதைக் கடந்தவர், இந்தி அறியாதவர், இரண்டுக்குக் குறையாத பைகள் உடையவர், அவற்றுள் ஒன்றில் தேங்காய் வைத்திருப்பவர். தேங்காய் இல்லாமல் வருபவர் சுற்றுலாப் பயணி. அவர் இவ்வாய்வின் எல்லைக்குள் வரார்.

நமது கருதுகோள் எளியது. ஊர்க்காரருக்குப் பயணம் என்றால் வழி தெரிவது. செம்பூர்க்காரருக்கு வழி ஒரு பொருட்டே அல்ல. எந்த ரயில் டப்பாவில் ஏறுவது, எந்தப் பக்கம் நிற்பது, எப்போது எழுந்திருப்பது என்பவையே அவருக்குப் பயணம். இருவரும் சேர்ந்து போகும்போது நேரும் சகல மனத்தாங்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

சிக்கல் வந்திறங்கும்போதே தொடங்கிவிடுகிறது. கோயம்புத்தூர் வண்டி லோகமான்ய திலக் டெர்மினஸோடு நின்றுவிடும். நாகர்கோவில் வண்டி சிஎஸ்எம்டி வரை போகும். திருநெல்வேலியிலிருந்து தாதருக்கு வண்டி உண்டு. பெரும்பாலானவை கல்யாணைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். கல்யாணில் கண்விழிக்கும் உறவினர் ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடிகளைப் பார்த்துவிட்டு, “மும்பை வந்துட்டோம்!” என்று போன் செய்வார். அங்கிருந்து சிஎஸ்எம்டிக்கு இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அனுபவமுள்ள செம்பூர் மருமகன் அந்தப் போன் வந்த பிறகுதான் குளிக்கப் போவார். அனுபவமில்லாதவர் உடனே ஸ்டேஷனுக்குப் புறப்படுவார்.

திலக் டெர்மினஸைப் பழைய ஆட்கள் இன்னும் குர்லா டெர்மினஸ் என்றே சொல்கிறார்கள். ஆனால் லோக்கல் நிற்கும் குர்லா ஸ்டேஷன் வேறு. டெர்மினஸுக்குப் பக்கத்தில் இருப்பது செம்பூருக்கு முந்தைய நிறுத்தமான திலக் நகர். “மாப்ள, குர்லாவுல நிக்கறேன்” என்று மாமா சொல்வார். “மாமா, நானும் குர்லாவுலதான் நிக்கறேன்” என்று மருமகன் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. மெய்ம்மை ஒன்றே என்று வாதிடும் தத்துவவாதிகள் ஒருமுறை கோயம்புத்தூர் வண்டியில் வந்து இறங்கிப் பார்க்கலாம்.

அடுத்து ஆட்டோ. சென்னையிலிருந்து வருபவருக்கு இங்கே நேர்வது பண்பாட்டு அதிர்ச்சி. கேட்பதில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கத் தயாராக அவர் ஏறி உட்காருவார். ஓட்டுநர் வாயைத் திறக்காமல் மீட்டரைப் போடுவார். 2025 பிப்ரவரியிலிருந்து முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 26 ரூபாய். அதற்கு மேல் மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. பேரத்துக்கென்று ஊரிலிருந்து சேமித்துக் கொண்டுவந்த ஆற்றல் இப்படிச் செலவாகாமல் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. மாலையில் காப்பியில் சர்க்கரை குறைவென்று அவர் வீட்டாரிடம் பாய்வதற்கு இதுவே காரணம் என்று ஐயுறுகிறோம். கூப்பிட்ட இடத்துக்கு வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போகும் ஆட்டோக்காரர்களும் உண்டு. அது தனித் துறை. ஆட்டோவின் தெற்கு எல்லை சயான் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். அதற்கு அப்பால் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே மாட்டுங்காவுக்கு ரயில்தான் கதி.

குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் தண்டவாளம் போட்டது குப்பை வண்டிக்காக. மனிதர் ஏற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, 1925 பிப்ரவரி 3 அன்று, இந்தியாவின் முதல் மின்சார ரயில் இன்று சிஎஸ்எம்டி எனப்படும் அன்றைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதை வழியாகக் குர்லா வரை ஓடியது. ஆக, குர்லா–செம்பூர்ப் பாதையில் குப்பைக்கு மனிதரைவிட 18 ஆண்டு பணிமூப்பு உண்டு. இதிலிருந்து ஆய்வாளர் எந்த முடிவுக்கும் வர விரும்பவில்லை. காலை எட்டரை மணிக்கு நடைமேடையில் நிற்பவர்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்வார்கள்.

அந்நேரத்துக் கூட்டத்துக்கு ரயில்வேயே ஒரு கலைச்சொல் வைத்திருக்கிறது: ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்’. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பது என்று பொருள். நம் வீட்டு ஊஞ்சல் பலகையின் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அதில் நாலு பேர் உட்கார்ந்தாலே சங்கிலி கிறீச்சிடும்.

இனி ஆய்வின் மையப் பகுதி. செம்பூரில் ஏறினால் அடுத்தது திலக் நகர், அதற்கடுத்தது குர்லா. மாட்டுங்கா போக வேண்டியவர் குர்லாவில் ஹார்பர் வண்டியை விட்டு இறங்கி மெயின் லைனுக்கு மாற வேண்டும். கூட்டம் சற்றுக் குறைந்த ஒரு முற்பகலில், இரண்டாம் வகுப்பு டப்பாவில் பதிவான உரையாடல் இது:

“மாமா, எந்திரிங்க. வாசப் பக்கம் போயிடுவோம்.”

“இப்பத்தானே மாப்ள உக்காந்தேன்?”

“குர்லா வரப்போகுது.”

“இன்னும் ரெண்டு ஸ்டேஷன் இருக்கே!”

“ரெண்டே ரெண்டுதான் மாமா இருக்கு!”

வண்டி ஒரு நிலையத்தில் அரை நிமிஷம் நின்றால் அதிகம். இறங்கும் கலை ஏறிய கணத்திலேயே தொடங்குகிறது. முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து “குர்லா?” என்று ஒரே ஒரு சொல் கேட்க வேண்டும். அவர் தலையசைத்தால் அவர் முதுகே நமக்கு வழிகாட்டி, ஒட்டிக்கொண்டு நிற்கலாம். உதட்டைப் பிதுக்கினால் அவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த முதுகுக்குப் போக வேண்டும். இந்த வரிசை வாசல்வரை நீளும். நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மாமா எதிர்ப்பக்க வாசலில் பைகளோடு தயாராக நின்ற நிகழ்வுகள் உண்டு.

உட்காருவதிலும் நுட்பம் இருக்கிறது. மூவர் இருக்கையில் நாலாவது ஆளுக்கு உரிமை உண்டு என்பது எழுதப்படாத சட்டம். நாலாமவர் வந்து முழங்காலை லேசாகத் தட்டுவார். மூவரும் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்துகொள்வார்கள். வந்தவர் ஒரு தொடையை மட்டும் பலகையில் வைத்து, மறு காலை நடைபாதையில் ஊன்றி, அதையே உட்கார்ந்ததாகப் பாவிப்பார். ஊரில் அறியாத ஆள் முழங்காலைத் தட்டினால் அதற்கு அர்த்தமே வேறு. முதல் தட்டலில் மாமா எழுந்து சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது மருமகன் கடமை. நிற்பவர் குனிந்து, “கஹா உதர்னா?” என்று கேட்பதும் அப்படியே. நீங்கள் இறங்கும் இடம் தெரிந்தால் அந்த இருக்கையை அவர் மனத்துக்குள் பதிவு செய்துகொள்வார். மாமா இதைக் குசல விசாரணை என்று எடுத்துக்கொண்டு, தமக்குச் சொந்த ஊர் எது, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார், செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலில் 108 படி ஏறியது எப்படி என்று தமிழிலேயே விரிவாகச் சொல்லத் தொடங்குவார். கேட்டவரும் தலையாட்டிக்கொண்டே கேட்பார். அவருக்கு வேண்டியது இருக்கை.

குர்லாவில் படியேறி இறங்கி மெயின் லைன் நடைமேடைக்கு வந்தால் அறிவிப்புப் பலகை. அதில் ஊர்ப்பெயரைவிட எழுத்துதான் முதலில் கண்ணில் படும். கே என்றால் கல்யாண். கசாராவும் கர்ஜத்தும் அதே எழுத்தில் தொடங்கினாலும் கல்யாண் முந்திக்கொண்டதால் கசாராவுக்கு என், கர்ஜத்துக்கு எஸ். மாட்டுங்கா போகிறவருக்கு இந்த எழுத்துகள் எதுவும் தேவையில்லை, ஸ்லோ வண்டியா என்று மட்டும் பார்த்தால் போதும். ஃபாஸ்ட்டில் ஏறினால் சயானும் மாட்டுங்காவும் ஜன்னலில் ஓடி மறைய, தாதரில்தான் கால் பதியும்.

மாட்டுங்காவோ ஒன்றல்ல, மூன்று. சென்ட்ரலில் மாட்டுங்கா, வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு, வடாலாவிலிருந்து மாஹிம் போகும் ஹார்பர் கிளையில் கிங்ஸ் சர்க்கிள். “மாட்டுங்காவுல பாப்போம்” என்று தாராவிச் சொந்தக்காரரிடம் போனில் சொல்லிவைத்த மாமாக்கள் இதனால் பிற்பகல் முழுவதும் சொந்தமின்றி நின்றிருக்கிறார்கள். 1942இலிருந்து இலைபோட்டுச் சாப்பாடு போடும் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இருப்பது சென்ட்ரல் மாட்டுங்காவுக்குப் பக்கத்தில். 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தும் நிலையமாகப் பெயர் பெற்றதும் அதுவே.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெஸ்ட் எனப்படும் மாநகர பஸ்ஸின் முகப்பில் எண்ணை மராட்டியில் எழுதுவது பழைய வழக்கம். மராட்டி ஒன்று நம் கண்ணுக்கு ஒன்பதாகத் தெரியும். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மோனோரயிலில் போகலாமே என்று சிலர் கேட்கலாம். செம்பூரிலிருந்து வடாலாவுக்கு 2014 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய அந்த வண்டி பல ஆண்டுகள் காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 19 அன்று பெருமழையில் ஹார்பர் வண்டிகள் நின்றுபோக, கூட்டம் முழுவதும் அதில் ஏறியது. 104 டன் தாங்கும் வண்டியில் 109 டன். மைசூர் காலனி அருகே அந்தரத்தில் நின்றுவிட்டது. தீயணைப்புப் படை ஏணி வைத்து 500க்கும் மேற்பட்டோரை இறக்கியது. ஹார்பர் லோக்கல் அன்றாடம் சுமப்பது என்ன என்பதற்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை முடிவு கிடைக்காது. அடுத்த மாதம் 20ஆம் தேதி முதல் மோனோ சேவையைப் புதுப்பிப்புக்காக நிறுத்தியும்விட்டார்கள்.

இவ்வளவையும் கற்றுத் தேர்ந்த மாமா, நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பகலில் தனியாகப் புறப்படுவார். ஞாயிறு மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் பாதையை மூடிவிடுவார்கள். செம்பூர்க்காரர் சனிக்கிழமையே விசாரித்து வைத்துக்கொள்வார். மாமாவிடம் சொல்ல மட்டும் மறந்திருப்பார்.

ஆய்வாளரின் பரிந்துரை ஒன்றே ஒன்று, இதில் விளையாட்டில்லை. வாசலில் தொங்காதீர்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே படியில் தொங்கி வந்தவர்கள் விழுந்து உயிரிழந்த பிறகுதான், புதிய லோக்கல் வண்டிகளுக்குத் தானாக மூடும் கதவு என்று ரயில்வே அறிவித்தது. அவை வரும்வரை மாமாவை உள்ளே நிறுத்துங்கள். இடமில்லையென்றால் வண்டியை விட்டுவிடுங்கள், சில நிமிஷத்தில் அடுத்தது வரும். மாட்டுங்காவில் தோசை தீர்ந்துபோனதாக இதுவரை தகவல் இல்லை.