ஸ்லாட் கிடைத்த சிஸ்டர்

நான்காம் வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங் மாணவியைப் பஸ்ஸிலேயே அடையாளம் கண்டுவிடலாம். கம்பியைப் பிடித்து நிற்கும் ஆளின் முகத்தை அவள் பார்க்க மாட்டாள். புறங்கையில் புடைத்து ஓடும் நரம்பைத்தான் பார்ப்பாள். 'எவ்வளவு லட்சணமான வெயின்! இதெல்லாம் நம்ம வார்டுக்கு வரவே வராது' என்று பெருமூச்சு விடுவாள். அந்த ஆள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு தலைமுடியைக் கோதிக்கொண்டால் அதற்கு அவள் பொறுப்பல்ல.

வயது இருபத்தொன்றுதான். ஆனால் வார்டில் எழுபது வயசுத் தாத்தாவுக்கும் அவள் சிஸ்டர். கல்யாண வீட்டுக்குப் போனால், பந்திக்கு முன்னால் சொந்தபந்தமெல்லாம் வரிசையாகக் கையை நீட்டும். "பாப்பா, பிரஷர மட்டும் பாத்துச் சொல்லிரு." கருவி கொண்டுவரவில்லை என்றால், "தொட்டுப் பாத்துச் சொல்லத் தெரியாதா? அப்ப நாலு வருஷமா என்னதான் படிச்ச?" ராத்திரி மூன்று மணிக்கு, வயிற்றுப்போக்கில் துவண்டுபோன கைக்குழந்தைக்கு, அதன் பாட்டி தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, மஞ்சள் நிற 24 கேஜ் கேனுலாவை ஸ்டாஃப் பக்கத்தில் நிற்க அவள் ஏற்றிவிடுவாள். கை நடுங்காது. அப்பேர்ப்பட்டவளைச் சாய்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அந்தக் கேள்வி வரப்போகிறது என்ற சேதி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் லிங்க்காக வந்து விழும். ஆன்லைன் ஜாப் ஃபேர். முன்பெல்லாம் ஆடிட்டோரியத்தில் ஃப்ளெக்ஸ் கட்டி, ஆஸ்பத்திரிக்காரர்கள் மேஜை போட்டு உட்காருவார்கள். வேலை கிடைக்காதவளுக்கும் ஒரு பேனா, ஒரு துணிப்பை, ஒரு வடை மிஞ்சும். இப்போது லிங்க்கை அமுக்கினால் கண்ணாடி மாளிகை ஒன்று திறக்கிறது. உள்ளே பொம்மை வரவேற்பாளர், வரிசையாக பூத்துகள். ரெஸ்யூம் பி.டி.எஃப்.பில், 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிஷ ஸ்லாட். வடை கிடையாது.

நர்ஸிங் கல்லூரியில் ரெஸ்யூமை யாரும் எழுதுவதில்லை. அது வழிவழியாக வருவது. என்றைக்கோ படித்த ஓர் அக்கா தட்டச்சு செய்தது செட் செட்டாக, பென் டிரைவ் பென் டிரைவாக இறங்கி வந்திருக்கும். புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் அமர்ந்து தன்னையும் வளர்த்து நிறுவனத்தையும் வளர்க்கப்போகும் அந்தக் குறிக்கோள் வாசகம், எத்தனை கை மாறினாலும் ஓர் எழுத்து மாறாது. எழுத்துப் பிழையும் மாறாது. பெயரை மாற்றுவாள், பிறந்த தேதியை மாற்றுவாள், அப்பா பெயரை மாற்ற மறந்துவிடுவாள். ஒரே வகுப்பில் பதினோரு பெண்கள் திடீரென்று உடன்பிறந்தவர்களாகிவிடுவது இப்படித்தான்.

பொழுதுபோக்கு: தோட்டம் வளர்த்தல். ஹாஸ்டலில் இருக்கும் ஒரே செடி வார்டன் அறை வாசல் துளசி. அதைத் தொட்டால் ஃபைன். பலவீனம்: எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவேன். இப்படி டைப் அடித்தவள்தான், ஆபரேஷனுக்குப் போகவேண்டிய பேஷண்ட் "பச்சத் தண்ணி பல்லுல படல சிஸ்டர்" என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாலும், தலையணைக்கு அடியில் கைவிட்டு இட்லிப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைப்பவள்.

'அனுபவம்' என்ற கட்டத்தில் வந்து விரல் நிற்கும். எட்டு செமஸ்டராக மெடிக்கல், சர்ஜிக்கல், குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, மனநலம், கம்யூனிட்டி என்று சுற்றியாகிவிட்டது. வெயிலில் கம்யூனிட்டி பேக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், நாய்க்கும் பயந்து, மாமியார்களுக்கும் பயந்து, கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தாகிவிட்டது. அதெல்லாம் போஸ்டிங்காம், அனுபவம் ஆகாதாம். பார்த்த ஒவ்வொரு பிரசவத்துக்கும் கேஸ் புக்கில் கையெழுத்து இருக்கிறது. இருந்தாலும் கட்டத்தில் 'ஃப்ரெஷர்' என்றுதான் போட வேண்டும். பதிவு எண் கட்டமும் காலி. தேறிவந்து தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிந்தால்தானே எண் வரும்?

எந்த பூத்துக்குள் நுழைவது என்பதில் அவளைத் தவிர மற்ற எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு எம்.ஆர்.பி. ஒன்றுதான் வேலை, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்க 2012இல் வந்த வாரியம் அது. "கவர்மெண்டுன்னா கவர்மெண்டு பாப்பா. மத்ததெல்லாம் வெள்ளச் சட்ட போட்ட கூலி." அத்தைக்கு துபாய். அதற்கு ப்ராமெட்ரிக் பரீட்சை உண்டு, டேட்டாஃப்ளோவில் சர்டிஃபிகேட் சரிபார்ப்பு உண்டு, பல இடங்களில் இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினால், "அதெல்லாம் ஏஜெண்டு பாத்துக்குவான்" என்று ஒரே வரியில் விசா ஒட்டிவிடுவாள். ஏஜெண்ட் என்ற பேச்சைக் கேட்டாலே டியூட்டர் மேடத்துக்கு ரத்தக்கொதிப்பு. "வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்குன்னே அரசாங்கம் 1978லேர்ந்து ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் வெச்சிருக்கு. அங்க போய்ப் பதியுங்கடி!"

இதற்கிடையில் ஜெர்மனியில் இருக்கும் சீனியர் அக்காவின் வாய்ஸ் நோட், ஏழு நிமிஷம். "ஜெர்மன்ல பி2 முடிச்சிரு, அப்புறம் எல்லாம் ஈஸி. ஆனா கிராமர் சாவடிக்கும்டி. ஸ்பூன் ஆம்பள, ஃபோர்க் பொம்பள, கத்தி ரெண்டுமில்ல. சாப்பாட்டு மேஜைக்கே மூணு வார்டு போட்டு வெச்சிருக்கானுங்க." இங்கிலாந்துக்குப் போக ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் 7 வேண்டும், எழுத்துத் தேர்வில் மட்டும் 6.5 போதும் என்று இன்னொருத்தி வாட்ஸ்அப்பில் ஆறுதல் சொல்வாள். அந்த அரைப் புள்ளிச் சலுகைக்காக அந்த நாட்டின் மேல் இவளுக்குத் தனிப் பாசம் வந்துவிடும்.

முதல் வருஷத்தில் கையில் விளக்கேந்தி யார் படத்துக்கு முன்னால் உறுதிமொழி எடுத்தாளோ, அந்த நைட்டிங்கேல் அம்மையாருக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. 1854 அக்டோபரில், போரில் அடிபட்டவர்களைக் கவனிக்க நர்ஸுகளோடு போக முடியுமா என்று அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அவருக்கு எழுதினார். போகிறேன் என்று அம்மையார் ஹெர்பர்ட்டின் மனைவிக்கு எழுதிய கடிதமும் அதே சமயம் கிளம்பி, இரண்டும் தபாலில் ஒன்றையொன்று கடந்து போயின. அப்ளிகேஷனும் ஆர்டரும் நடுவழியில் சந்தித்துக்கொண்ட நேர்காணல்! கூடப் போன 38 பேரை எடுத்ததுகூட ஹெர்பர்ட் வீட்டில் வைத்து, ஆளை நேரில் பார்த்துத்தான். வருகிற பெண்களெல்லாம் சம்பளத்துக்காகத்தான் வருகிறார்கள் என்று அன்றைக்கே அங்கே ஒரு முனகல் எழுந்தது. வேறு எதற்காக வருவார்கள் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

நம் சிஸ்டருக்கு இப்போதைய கவலை சுவர். ஹாஸ்டல் அறையில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கொடியில் துணி. மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கம் சிக்னல் இருக்கிறது, நிழல் இல்லை. கடைசியில் மேடம் மனமிரங்கி ஃபவுண்டேஷன் லேப் சாவியைக் கொடுப்பார். பிறகு பாருங்கள் வேலையை! லேப்டாப்புக்குக் கார்டியாக் டேபிள். உயரம் போதாது, அடியில் ப்ரூனர் – சுத்தார்த் இரண்டு பாகமும். முகத்துக்கு வெளிச்சம் தர, பிரசவச் செய்முறைக்கு வைத்திருக்கும் வளைகழுத்து விளக்கு. முதுகுக்குப் பின்னால், வார்டில் கட்டிலை மறைக்க வைக்கும் சக்கரம் வைத்த பச்சை ஸ்க்ரீன். அதற்கும் பின்னால் கட்டிலில் வாயைத் திறந்தபடி மேனிகின் தாத்தா. செட் செட்டாகப் பெண்கள் சி.பி.ஆர். கற்றுக்கொள்ள அமுக்கியதில் நெஞ்சு ஒரு பக்கம் வாங்கிவிட்டவர்.

ஆன்லைன் என்றால் இடுப்புக்கு மேலே மட்டும் உடுத்தினால் போதும் என்பது ஐ.டி.காரர்களின் சித்தாந்தம். இவள் நாலு வருஷமாகத் தினமும் காலையில் நகம், கொண்டை, ஷூ மூன்றும் சோதிக்கப்பட்டவள். கேமராவில் தெரியாத ஷூவையும் பாலிஷ் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள்.

உட்காருவாள் என்றா சொன்னேன்? அதுதான் வராது. ஒத்திகையில் மேடம் எச்.ஆர். வேஷம் போட்டு ஒரு கேள்வி கேட்டதும் படாரென்று எழுந்து நிற்பாள். வகுப்பில் பெரியவர்கள் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகிய கால்கள். திரையில் அவளுடைய அடிவயிறு மட்டும் பயபக்தியோடு தெரியும். "உக்காருடி!" என்று மேடம் கத்தினால், "சாரி மேடம்" என்று சொல்வதற்கு மறுபடி எழுவாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ரூம்மேட் சும்மா இருப்பாளா? நோட்டைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கேர் பிளான் எழுதிவிடுவாள். பேஷண்ட் சொன்னது: 'கை சில்லுனு இருக்குடி.' நாம் பார்த்தது: பல்ஸ் 118, உள்ளங்கை ஈரம், துப்பட்டா நுனி வாயில். நர்ஸிங் டயக்னோசிஸ்: நேர்காணல் தொடர்பான கடும் பதற்றம். இலக்கு: அரை மணி நேரத்தில் பல்ஸ் 100க்குள். செய்தது: சாய்வாக உட்காரவைத்து, எலுமிச்சை ஜூஸ் 200 மி.லி. வாய்வழி. மதிப்பீடு: இலக்கு ஓரளவு நிறைவேறியது. எந்த நோயாளிக்கும், எந்த வருஷத்திலும், நர்ஸிங் மாணவி எழுதும் கடைசி வரி இதுதான். முழுதாக நிறைவேறியது என்று எழுதினால் மேடம் நம்பமாட்டார்.

இந்த இனத்தில் ஆண்பாலும் உண்டு. வார்டில் அவர் பிரதர். சிலிண்டர் உருட்டவும் தகராறு பண்ணும் குடிகாரரைப் பிடிக்கவும் மட்டும் அவர் ஞாபகம் எல்லோருக்கும் வரும். நேர்காணல் அன்றைக்கு ஃபேன் காற்றில் ஸ்க்ரீன் உருளாமல் பிடித்துக்கொள்ளும் பணி அவருக்கு. மற்ற பெண்களெல்லாம் கேமராவுக்குச் சிக்காத மூலைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்க, சென்னை ஆஸ்பத்திரி ஒன்றின் எச்.ஆர். திரையில் உதித்தார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்றார்.

நம் சிஸ்டர் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். அப்புறம் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஃபேனைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பிரதரின் போன் அதிர்ந்தது. பக்கத்து பூத்தில் அவருடைய ஸ்லாட் திறந்துவிட்டதாம். ஸ்க்ரீனைப் போட்டுவிட்டு ஓடினார். அது கடகடவென்று உருண்டு ஒதுங்கியது.

எச்.ஆர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஏம்மா, பின்னால பெட்ல யாரோ பேஷண்ட் இருக்காரே?"

பெரியவர்கள் ஒரு கட்டிலைக் காட்டிக் கேட்டால் கேஸ் சொல்ல வேண்டும். மற்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். "யெஸ் சார். அறுபத்திரண்டு வயசு, ஆண். நெஞ்சுவலின்னு காலைல ஆறு மணிக்கு அட்மிஷன். ஏற்கெனவே சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. பிபி 150/90, பல்ஸ் 96, எஸ்.பி.ஓ.டூ 94, ஆக்ஸிஜன் 2 லிட்டர் போகுது. ஈசிஜி எடுத்தாச்சு, பிளட் ரிப்போர்ட் வரணும். கூட மக மட்டுந்தான் சார் இருக்காங்க. நேத்து ராத்திரிலேர்ந்து அவங்க எதுவும் சாப்பிடல. டீ வாங்கிக் குடுக்கச் சொல்லியிருக்கேன்." போன வாரத்து கேஸ். நிறுத்தாமல், திக்காமல், முக்கியமாக எழுந்து நிற்காமல் சொன்னாள்.

எச்.ஆர். சற்று நேரம் ரெஸ்யூமைப் பார்க்கவில்லை. பிறகு, "சரிம்மா. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

பயிற்சி வாய்ப்புகள் பற்றிக் கேள் என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவள் இன்னும் வார்டிலிருந்து திரும்பவில்லை. "சார், உங்க ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட் சார்? ஐ.சி.யூ.ல ஒண்ணுக்கு ஒண்ணுன்னு படிச்சிருக்கோம்..."

எச்.ஆர். வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார். இமை அசையவில்லை.

மூலைகளிலிருந்து பெண்கள் பாய்ந்து வந்தார்கள். ஒருத்தி லேப்டாப்பின் இரண்டு தோளையும் தட்டி, "சார்... சார்... நான் பேசுறது கேக்குதா?" என்றாள். ஒருத்தி வாசலைப் பார்த்து, "மேடம், சீக்கிரம் வாங்க!" என்று உதவிக்குக் குரல் கொடுத்தாள். ரூம்மேட் சுவரில் இருந்த வைஃபை பெட்டியின் விளக்கைப் பத்து விநாடி உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பல்ஸ் இருக்குடி," என்றாள். "ஆள்தான் பேச மாட்டேங்கறார்."