முக்காலுக்கு மேல பதினஞ்சாயிரம்

வாங்க மருமவனே, உக்காருங்க. என்ன இன்னைக்கு மாமா 'வாங்க போங்க'ங்காருன்னு முழிக்கியா? கயத்தாறு பக்கம் நாலு வழிச் சாலையில டிவைடர்ல போயி முட்டிட்டு, உடம்புல ஒரு கீறல் இல்லாம இறங்கி வந்த வீரன்லா நீ! அதோட நிறுத்தினியா? கம்பெனிக்காரன் 'டோட்டல் லாஸ்'னு அனுப்புன மெயிலைப் படம் புடிச்சு வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வச்சு, கீழ ரெண்டு அழுமூஞ்சிப் பொம்மை வேற. எங்க அக்கா அதைப் பாத்துட்டு, பையன் ஒருத்தர்ட்டயும் சொல்லாம எதையோ பெருசா தொலைச்சிட்டான்னு எனக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுது முடிச்சா. முதல்ல அந்த ஸ்டேட்டஸை எடுலே.

இப்ப சொல்லு. 'வண்டி நல்லாத்தான் இருக்கு, செலவு பண்ணா ஓடும், என்னைய ஏமாத்துதாங்க மாமா'ங்கே. சரி, பாலிசியைப் படிச்சியா? ஏன் தலையைச் சொறியுதே? பொண்ணு பாக்கப் போனப்ப ஜாதகத்தை நாலு ஜோசியன்ட்ட காட்டுனவன், ஒம்பது லட்ச ரூபா வண்டிக்கு வந்த பிடிஎஃப்பைத் திறந்துகூடப் பாக்கலை. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். பழுது பாக்குற செலவும் வண்டியை இழுத்துட்டு வார செலவும் சேந்து, பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு, அதான் ஐடிவி, அதுல நூத்துக்கு எழுபத்தஞ்சைத் தாண்டுனா, அந்த வண்டியை முழுசாப் போனதா வச்சுக்கலாம்னு அதுலயே போட்டிருக்கு. ஏமாத்துறவன் எழுதிக் குடுத்துட்டா ஏமாத்துவான்?

கூத்து என்னன்னா, உன் வண்டியைக் கொன்னது டிவைடர் இல்ல மருமவனே. நீதான். கோவப்படாம கேளு.

வண்டி வாங்குறப்ப ஷோரூம் விலை ஒம்பது லட்சம். நீ ரோடு டாக்ஸ், பதிவுச் செலவு, சீட் கவரு, சாமி படம் எல்லாம் சேத்து பத்தரைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. இன்சூரன்ஸ்காரன் கணக்குல ஒம்பதுதான். மூணு வருசம் முடிஞ்சு நாலாவது நடக்குற வண்டிக்கு நூத்துக்கு நாப்பது தேய்மானம்னு பாலிசி அட்டவணையில இருக்கு. மிச்சம் அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம். அதுதான் நியாயமான ஐடிவி. ஆனா நீ போன தடவை போன்லயே புதுப்பிக்கும்போது, அங்கன ஐடிவியைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருந்திருக்கு; அதைப் புடிச்சு இடது பக்கம் இழுத்து, நாலு லட்சத்து எம்பதாயிரத்துல கொண்டு வந்து நிறுத்திட்டே. பிரீமியத்துல ஆயிரத்துச் சொச்சம் மிச்சம்னு அன்னைக்கு எங்களுக்கெல்லாம் புரோட்டா வாங்கிக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? நானும்தான் தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு.

அஞ்சு நாப்பதுல முக்கால் பங்கு நாலு லட்சத்து அஞ்சாயிரம். ஒர்க்‌ஷாப்காரன் போட்ட எஸ்டிமேட் மூணு லட்சத்து எழுபத்தஞ்சாயிரம். வண்டி பொழைச்சிருக்கும். நாலு எம்பதுல முக்கால் பங்கு மூணு லட்சத்து அறுபதாயிரம். மூணு எழுபத்தஞ்சு அதைத் தாண்டிருச்சு. எவ்வளவு? பதினஞ்சாயிரம். அந்தப் பதினஞ்சாயிரத்துலதான் உன் வண்டி செத்துச்சு. புரோட்டா கொஞ்சம் விலை கூடுனதுதான்.

'நான் பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன்'னு நெஞ்சை நிமித்தாதே. அது பழுது பாக்கும்போது பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு, தகரத்துக்கு இவ்வளவுன்னு தேய்மானம் கழிக்காம இருக்கத்தான். வண்டியே போச்சுன்னா பம்பரும் கிடையாது, டு-வும் கிடையாது, ஐடிவிதான் உச்சி. வாங்குன விலை அப்படியே வேணும்னா 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்'னு தனியா ஒண்ணு இருக்கு, புது வண்டியா இருக்கும்போதே போட்டிருக்கணும். உனக்கு அதை ஏஜென்ட் சொன்னப்ப, 'அது எதுக்கு, நான் என்ன மோதவா போறேன்'னியாம்.

சரி, போனது போகட்டும். இப்பவும் ரெண்டு வழி இருக்கு. ஆனா முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு: உனக்கு வண்டி வேணுமா, பணம் வேணுமா? ரெண்டும் வேணும்னு சொல்லாதே. அதைக் கல்யாணத்தப்பவே சொல்லிப் பாத்தே, மாமனாரு ஸ்கூட்டர்தான் குடுத்தாரு.

வண்டிதான் வேணும்னா அந்த எஸ்டிமேட்டை வரி வரியா வாங்கு. மொத்தத் தொகையை மட்டும் காட்டுனா ஒத்துக்காதே. நான் பாத்த காகிதத்துல, முன்னால இடிச்ச வண்டிக்குப் பின் கதவு கைப்பிடி ரெண்டு, பின் வைப்பர் மோட்டாரு ஒண்ணு எழுதியிருக்கான். இடி முன்னால, வலி பின்னாலயா? அதுல பதினஞ்சாயிரம் கழியாதுன்னா நினைக்கே? சர்வேயரைக் கூப்பிட்டு வண்டிப் பக்கத்துல நின்னு கேளு. அம்பதாயிரத்துக்கு மேல போற வண்டி கிளெய்முக்கு லைசென்ஸ் வச்ச சர்வேயர் பாக்கணும்னு விதி. அவரு ரிப்போர்ட்ல ஒரு நகல் கேளு, குடுக்கணும். அவரு எழுதுனது மாத்த முடியாத தலையெழுத்தும் இல்ல. சர்வேயர் ரிப்போர்ட்தான் கடைசி வார்த்தைன்னு கிடையாதுன்னு 2009லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

ஆனா மாமா மனசுல உள்ளதைச் சொல்லவா? சேசிஸ் வளைஞ்சு, ஏர்பேக் ரெண்டும் வெடிச்சு, டேஷ்போர்டு பிளந்து கிடக்கிற வண்டியை மூணே முக்கால் லட்சத்துக்குத் தட்டி நிமித்தி என்னத்துக்கு? ஓடும்போது ஒரு பக்கம் இழுக்கும். விக்கப் போனா, வாங்க வந்தவன் கீழ குனிஞ்சு பாத்துட்டு நிமிராமலே போயிருவான். பணத்தை வாங்கு. அதை எப்படி வாங்குறதுங்கிறதுலதான் சூது இருக்கு.

கம்பெனிக்காரனுக்கு உன் மேல பகையும் இல்ல, பாசமும் இல்ல. பழுது பாத்தா அவனுக்கு மூணே முக்கால் போகும். முழுசாப் போச்சுன்னு எழுதுனா நாலு எம்பது குடுத்துட்டு, நசுங்குனதை ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துக்குத் தள்ளி விட்டுருவான். ஆக, கையை விட்டுப் போறது மூணு நாப்பது. எது கம்மியோ அதுதான் அவனுக்குத் தர்மம். கணக்கு வேற மாதிரி இருந்திருந்தா, இதே ஆளு 'சார், அருமையான வண்டி, பழுது பாத்துருவோம்'னு உன் தோள்ல கை போட்டிருப்பான்.

இப்ப அந்த ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு வா. மேலப்பாளையம் சந்தையில தரகன் கை மேல துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசுவான் பாத்திருக்கியா? மாட்டுக்காரன் பக்கத்துல நின்னு ரெண்டு பேரு மூஞ்சியையும் மாறி மாறிப் பாப்பான். உன் நசுங்குன வண்டிக்கு நடக்குற ஏலமும் அதுதான், துண்டுக்குப் பதிலா இன்டர்நெட்டு. யாரு கேட்டான், எவ்வளவு கேட்டான், எத்தனை பேரு கேட்டான்னு உனக்குத் தெரியாது. 'இதுதான் உச்ச விலை'ன்னு ஒரு மெயில் வரும். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லு.

அவன் தொகையைச் சொல்றதுக்கு முன்னால நீ வாயைத் திறக்காதே. சொன்ன பிறகு, தெரிஞ்ச பழைய பார்ட்ஸ் கடைக்காரங்க ரெண்டு மூணு பேரைக் கூட்டிட்டுப் போயி வண்டியைக் காட்டு. இன்ஜின் முழுசா இருக்கு, கியர் பாக்ஸ் இருக்கு, பின் பக்கம் மூணு கதவும் கண்ணாடியும் அப்படியே இருக்கு. எவனாவது ஒண்ணே முக்காலுக்குக் கேட்டான்னா, நசுங்குனதை நீயே வச்சுக்கிடுதேன்னு கம்பெனிக்கு எழுது. நாலு எம்பதுல ஒண்ணு நாப்பது கழிச்சு, கட்டாயப் பிடித்தம் ஆயிரம் கழிச்சு, மூணு முப்பத்தொம்பது அவன் தருவான். ஒண்ணே முக்கால் கடைக்காரன் தருவான். முப்பத்தஞ்சாயிரம் லாபம். எனக்குப் பங்கு வேண்டாம். கோவில்பட்டி வழியா வரும்போது ரெண்டு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கிப் போடு, போதும்.

கடைக்காரன் எவனும் கூடக் கேக்கலைன்னா, கம்பெனி காட்டுற ஆளுக்கே விடு. ஆனா அந்த ஆளு இந்தத் தேதிக்குள்ள இந்தத் தொகையைக் குடுத்து எடுப்பான், அவன் பின்வாங்குனா கம்பெனி பொறுப்புன்னு மெயில்ல வாங்கிக்கோ. ஒண்ணு நாப்பதுன்னு சொல்லி உனக்குக் கழிச்ச பிறகு, வந்தவன் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து 'பேட்டரியைக் காணோம், ஸ்டெப்னியைக் காணோம், எம்பதுதான் தருவேன்'பான். அதனாலதான் சொல்லுதேன், இன்னைக்கே போயி உள்ளயும் வெளியயும் தேதியோட போட்டோ எடு. ஒர்க்‌ஷாப்காரன்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டு வை: பழுது வேலை கிடைக்காதுன்னு தெரிஞ்ச அன்னையில இருந்து, நிக்கிற வண்டிக்கு நாள் வாடகைன்னு ஒரு பில்லு முளைக்கும்.

இன்னொண்ணு. பாலிசி எடுத்து ஏழு மாசம் ஆச்சு, அந்த ஏழு மாசத்துக்கு இன்னும் கொஞ்சம் தேய்மானம் கழிக்கணும்னு எவனாவது சொன்னான்னா சிரி. பாலிசிக் காலம் முழுக்க ஐடிவிதான் சந்தை விலை, மேற்கொண்டு தேய்மானம் கிடையாதுன்னு அவன் காகிதத்துலயே இருக்கு. 'ஐயா, எத்தனாம் பக்கம்னு நான் சொல்லவா, நீங்க பாக்குதீங்களா'ன்னு பணிவாக் கேளு. பணிவுதான் அவங்களுக்கு ரொம்ப எரியும்.

பணம் வந்ததும் புது வண்டி புக் பண்ணப் போறேன்னு கனவு காணாதே. உன் ஆர்சியில பேங்க் பேரு இருக்கு. மிச்சக் கடன் முதல்ல அங்கன போகும், தெளிஞ்சதுதான் உனக்கு. அதுவரைக்கும் மாசத் தவணையை நிறுத்திராதே. வண்டி செத்தாலும் தவணை சாவாது. நோ கிளெய்ம் போனஸ் முப்பத்தஞ்சு வச்சிருந்தியா? அது பூஜ்யம்.

ஆர்சி விசயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம், எய்யா. கம்பெனிக்காரனோ வண்டியை எடுக்க வாரவனோ, 'சார், பேரு மாத்துற 29, 30 ஃபாரம் ரெண்டுலயும் கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க நிரப்பிக்கிடுதோம்'பான். வெத்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டே, நீ காலம் பூரா அந்த வண்டிக்குச் சொந்தக்காரன். பதிவுல பேரு இருக்கிறவன்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கு. வித்துட்டேன், கைமாறிருச்சுன்னு சொன்னாலும் எடுபடலை. இன்னும் ஒரு வித்தை உண்டு: நசுங்குன வண்டியோட சேசிஸ் நம்பரைத் திருட்டு வண்டிக்கு ஏத்தி ஓட்டுறது. எங்கயோ ஒரு ஊர்ல போலீஸ் புடிச்சா, தேடி வாரது உன் வீட்டுக்கு. இனிமே ஓட லாயக்கில்லைன்னா பதினாலு நாளைக்குள்ள பதிவு அதிகாரிட்டத் தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு சொல்லுது, ஆர்சியை ரத்து பண்ணச் சொல்லு. ஓட்டுற வண்டியா வாங்குதான்னா, பேரு மாத்துன பிறகுதான் சாவி. ஃபாஸ்டேக்கையும் மூடிரு, இல்லைன்னா உன் காசுல எவனோ வாகைக்குளம் டோல்ல சலாம் வாங்கிட்டுப் போவான்.

'முழுத் திருப்தியோட பெற்றுக்கொண்டேன்'னு ஒரு வவுச்சர் வரும். திருப்தி இருந்தாப் போடு. இல்லைன்னா முதல்ல கம்பெனியோட குறை கேக்குற அதிகாரிக்கு எழுது. ஒரு மாசம் பாரு. பதில் வரலை, வந்த பதில் சரியில்லைன்னா சென்னை அண்ணா சாலை தேனாம்பேட்டையில காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் ஆபீஸ் இருக்கு. அம்பது லட்சம் வரைக்கும் அங்கன பாப்பாங்க. பீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம். வக்கீல் வேண்டாம்னதும் உன் மச்சான் மூஞ்சி சுருங்கிருக்கும், அவன்ட்டச் சொல்லாதே.

அந்த மச்சான் சொல்ற இன்னொரு யோசனையையும் கேட்டேன். வண்டியை ஓட்டுனது வேற ஆளுன்னு மாத்தி எழுதச் சொன்னானாம்லா? ஓட்டுனது நீ, உன் லைசென்ஸ் சரியா இருக்கு, குடிக்கலை. இவ்வளவு சுத்தமான கேசுல எதுக்குலே பொய்? பொய் ஒண்ணு அவன் கையில சிக்குச்சுன்னா, எஸ்டிமேட்டும் வேண்டாம் ஏலமும் வேண்டாம், மொத்தத்தையும் மறுத்துட்டு நிம்மதியாப் போயிருவான்.

சரி, போனை எடு, மெயில் எழுது. எஸ்டிமேட் வரி வரியா வேணும், சர்வே ரிப்போர்ட் நகல் வேணும், ஏலத்துல கேட்டவங்க தொகைப் பட்டியல் வேணும். மூணு வரி, அவ்வளவுதான். நேத்து நீ அனுப்புன மெயிலைப் பாத்தேன். 'தயவுசெஞ்சு' ஏழு இடத்துல, 'கோர்ட்டுக்குப் போவேன்' நாலு இடத்துல. இந்தத் தடவை தயவுசெஞ்சு ஒண்ணு போதும். கோர்ட்டே வேண்டாம். கீழ உன் பேரை மட்டும் போடு, என் பேரை இழுக்காதே. எங்க டிராக்டருக்கும் அதே கம்பெனிதான்.