வரிப்பணக்காரர்

நிதியமைச்சர் பட்ஜெட் உரையின் நடுவே தண்ணீர் குடிக்க நிறுத்துவாரே, அந்த இடைவெளி போதும் நம் வரிப்பணக்காரருக்கு. “எல்லாம் என் வரிப்பணம் சார்!” வெள்ளைப் பலகைப் பேருந்தில் ஒரு பெண் காசு கொடுக்காமல் ஏறினால், அது அவருடைய ரூபாய். ரேஷன் கடைத் தராசில் அரிசி விழுந்தால், அதுவும் அவருடையதே. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வரவாகும் நாளில், அந்த அம்மாவின் செல்போனுக்கு முன்பாக இவர் நெஞ்சில் மணி அடித்துவிடும். மந்தையில் தன் கன்றை மட்டும் மோப்பம் பிடிக்கும் பசுவைப்போல, கஜானாவிலிருந்து புறப்படும் கோடானுகோடி ரூபாயில் தன்னுடையது எது, அது யார் வீட்டு அடுப்பில் வேகிறது என்று கண்டுபிடிக்கும் அந்த மூக்கைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரே குறை, அது ஏழை வீட்டுத் திசையில் மட்டுமே வேலை செய்யும். மேம்பாலத்தில் கார் ஓட்டும்போது அதற்கு ஜலதோஷம். தமிழ்நாட்டில் 2016-லிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். இரண்டு ஏசி ஓடும் அவர் வீட்டுக்கும் உண்டு. அந்த 100 யூனிட் மட்டும் யார் வரிப்பணம் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

அவர் கணக்கின் அடிப்படை, வருமான வரி கட்டுகிறவன்தான் வரி கட்டுகிறவன் என்பது. 2025-26 மத்திய பட்ஜெட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வரவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 காசு, ஜிஎஸ்டி வகையறா 18 காசு, கலால் 5 காசு, சுங்கம் 4 காசு. ஆக, கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கைமாறும் வரி, இவர் மார்தட்டும் வரியைவிடக் கூடுதல். இவர் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா ரீசார்ஜ் செய்தாலும் அதே 18 சதவீதம். வருமானத்தோடு ஒப்பிட்டால் யாருக்கு வலி அதிகம் என்று சொல்லப் பொருளாதார மேதை வேண்டியதில்லை. மாநிலக் கணக்கு இன்னும் வேடிக்கை. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-இல் ஒதுக்கியது 13,807 கோடி. அதற்கு முந்தைய ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48 ஆயிரம் கோடிக்கு மேல். மனைவிக்கு ஆயிரம் வரும் வீட்டிலிருந்து, கணவன் கையால் எத்தனை ஆயிரம் ஏற்கெனவே போயிருக்கும்? அவனை ‘வரி செலுத்துவோர்’ என்று அழைக்க நம்மவருக்கு நா எழாது.

அதே 2025-இல் இன்னொன்றும் நடந்தது. புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்றார் மத்திய நிதியமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன். நிலைக்கழிவைச் சேர்த்தால் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம். இதனால் நேரடி வரியில் அரசு விட்டுக்கொடுப்பது சுமார் ஒரு லட்சம் கோடி என்றும் அவரே சொன்னார். நம்மவர்களில் பலர் அன்றே வருமான வரியிலிருந்து கழன்றுகொண்டார்கள். ஆனால் முழக்கம் கழலவில்லை. அந்த ஒரு லட்சம் கோடியால் கஜானா காலியாகும் என்று நம்மவர் அன்று பதறவும் இல்லை. இனிப்பு வாங்கிப் பங்கிட்டார்.

“கடன் வாங்கி வாரி இறைக்கிறார்களே, அதைக் கேட்கக் கூடாதா?” என்பார். தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதே 2025-26 பட்ஜெட்டில், மத்திய அரசின் ஒவ்வொரு ரூபாய்ச் செலவிலும் 20 காசு வட்டிக்கே போனது. இவர் பல்லைக் கடிக்கும் மானியங்களுக்கு 6 காசு. 2021 ஆகஸ்டில், அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டில் குடும்பம் ஒன்றுக்குக் கடன் 2,63,976 ரூபாய் என்றது. நம்மவருக்கு அந்த எண் கடைசி ரூபாய் வரை மனப்பாடம்; தன் வீட்டுச் சொத்து வரி எண்தான் நினைவில் நிற்பதில்லை. மாதச் சம்பளக்காரனுக்கு மட்டும் தப்ப வழியில்லை, பணம் கைக்கு வருமுன்பே டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்கள் என்கிறாரே, அது நியாயமான ஆதங்கம். கோடியில் புரளும் வியாபாரி நஷ்டக் கணக்கு காட்டிச் சிரிக்கும் ஊரில் இவர் எரிச்சலைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தெருவிளக்கு எரியாதபோது மாநகராட்சிக்கு விடாமல் போன் போடுகிறவரும் அநேகமாக இவரேதான். அந்த விளக்கு எரிந்தால் தெருவுக்கே வெளிச்சம்.

ஆனால் தப்ப வழி கிடைத்த இடத்தில் என்ன செய்கிறார் என்றும் பார்க்க வேண்டும். டைல்ஸ் கடையில், “பில் வேண்டாம்ணா, ஒரு விலை போட்டுக் கொடுங்க” என்கிறார். மனை பதியும்போது வழிகாட்டி மதிப்புக்கு மேலே கொடுத்த பணம் பத்திரத்தில் ஏறுவதில்லை. வாடகைக்கு விட்ட மாடிப் போர்ஷன், மாநகராட்சிக் கணக்கில் இன்னும் மொட்டைமாடி. செலவுக் கணக்கை நேரில் கேட்கக் கிராம சபை இருக்கிறது. நகரங்களுக்கும் 2022-இல் பகுதி சபை வந்துவிட்டது. அங்கே இவர் நாற்காலி காலி. இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. பில் வேண்டாம் என்கிறவர் எடுப்பதும் அதே கஜானாவிலிருந்துதான்; பேருந்தில் ஏறும் பெண்ணுக்காவது அரசாணை இருக்கிறது.

ஐயா, கணக்குக் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். வரும்போது அந்த டைல்ஸ் கடை பில்லையும் கையோடு எடுத்து வாருங்கள்.